பி.எஸ்சி. நர்ஸிங் ரிசர்ச் புராஜெக்ட்: தலைப்பு முதல் பைண்டிங் வரை

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் எனக்கு. காரைக்குடிக்கு வெளியே ஒரு கல்லூரியில் நர்ஸிங் முடித்தேன். ஊசி போடுவதிலோ டிரெஸ்ஸிங்கிலோ நைட் டூட்டியிலோ நான் திணறியதில்லை. நாலு வருஷத்தில் உட்கார்ந்து அழுதது ரிசர்ச் புராஜெக்டுக்காக மட்டும்தான். வார்டில் கை நிறைய வேலை கிடக்க, ஹாஸ்டலில் "கன்செப்சுவல் ஃப்ரேம்வொர்க்" (ஆய்வு எந்தத் தியரியின் மேல் நிற்கிறது என்று காட்டும் படம்) என்று பெட்டி பெட்டியாகக் கோடு போட்டுக்கொண்டிருப்பது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை.

புதிய செமஸ்டர் பாடத்திட்டத்தில் ரிசர்ச் அண்ட் ஸ்டாடிஸ்டிக்ஸ் ஏழாவது செமஸ்டரில் வருகிறது. அதுவரை காத்திருக்காதீர்கள். ஆறாவது செமஸ்டரிலேயே கீழே உள்ளதில் பாதியை முடித்துவிடலாம்.

1. தியரியை ஒரு ஆளை வைத்துப் படியுங்கள்

முதல் வருஷத்திலேயே நர்ஸிங் தியரி எழுதியவர்கள், நைட்டிங்கேல், ஹெண்டர்சன், ஓரம், ராய், பெப்லாவ் என்று வரிசையாக வந்துவிடுவார்கள். ஹெண்டர்சனின் 14 தேவைகள், ராயின் நான்கு முறைகள், எல்லாம் பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம், மறுநாள் மறதி. நானும் அப்படித்தான்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். கேஸ் பிரசன்டேஷனுக்கு எடுத்த ஒரே நோயாளியை வைத்துக்கொண்டு, அவரை ஒவ்வொரு தியரிக்காரரும் எப்படிப் பார்ப்பார் என்று ஒரு நோட்டில் எழுதுவது. பக்கவாதம் வந்த ஒரு பெரியவர். நைட்டிங்கேல் வந்தால் கட்டிலைச் சன்னல் பக்கம் நகர்த்தச் சொல்வார். ராய் வந்தால், வீட்டுக்குப் பெரியவராக இருந்தவர் இப்போது பெட்பேன் கேட்க வேண்டியிருக்கிறதே, அந்த இடமாற்றத்தை எப்படித் தாங்குகிறார் என்று பார்ப்பார். ஓரம் வந்தால் "எது அவரால் முடியும், எது முடியாது, எதை நீ செய்ய வேண்டும், எதை அவரைச் செய்ய விட வேண்டும்" என்று கேட்பார். ஆளுக்கு அரைப் பக்கம், ஐந்து பேருக்கு இரண்டரைப் பக்கம். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் மறக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்து டெசர்டேஷன்களை (ஆய்வேடுகளை) புரட்டினால் பாதியில் வீடன்பாக் என்ற இன்னொரு தியரிக்காரர் இருப்பார், மீதியில் "இன்புட், த்ரூபுட், அவுட்புட்" என்று சிஸ்டம்ஸ் தியரி இருக்கும். பொருந்துவதால் வைத்தது குறைவு. சீனியர் வைத்தார், அதனால் நானும் வைத்தேன் என்பதுதான் அதிகம். "ஏன் இந்த மாடல்?" என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் விழிக்க வேண்டியிருக்கும்.

2. தலைப்பு: அந்த நீண்ட வாக்கியத்தை எழுதுவதற்கு முன்

"எ ஸ்டடி டு அசெஸ் தி எஃபெக்டிவ்னெஸ் ஆஃப் ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோக்ராம் ஆன் நாலெட்ஜ் ரிகார்டிங்..." இந்த வாக்கியத்தை உங்களுக்கும் கொடுப்பார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பினால் தலைப்பு தயார்.

இதில் எனக்கு ஆரம்பம் முதலே ஒரு கோபம் உண்டு. இந்த அச்சு, மக்களுக்குத் தெரியவில்லை என்றே தொடங்குகிறது. நாம் போய் அரை மணி நேரம் சார்ட் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறோம், ஏழாம் நாள் அதே கேள்வித்தாளைக் கொடுக்கிறோம், மார்க் ஏறுகிறது. ஏறாமல் என்ன செய்யும்? அதே கேள்விதானே! தெரிந்துகொண்டும் அவர்கள் ஏன் செய்வதில்லை என்ற கேள்விக்கு இந்த அச்சில் இடமே இல்லை.

நான் கேட்க நினைத்தது அந்தக் கேள்வியைத்தான். சர்க்கரை நோய் உள்ள வயதானவர்கள் பாதத்தைக் கவனிப்பதில்லையே, ஏன்? பத்துப் பேரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்றேன். "பத்து சாம்பிள் பத்தாதும்மா, குவாலிடேட்டிவ் எல்லாம் எம்.எஸ்சி.யில பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. ஐந்து பேர் குழு, 60 சாம்பிள், டீச்சிங் புரோக்ராம் என்று முடிவானது.

உங்களுக்கும் இதே நடக்கலாம். சண்டை போட்டு ஒரு மாதத்தை இழக்காதீர்கள். அச்சை ஏற்றுக்கொண்டு, உங்கள் கேள்வியை அதற்குள் நுழைப்பது எப்படி என்று பாருங்கள். கேள்வித்தாளில் "தெரியுமா" என்று 20 கேள்வி இருந்தால், "முடிகிறதா", "யார் உதவுகிறார்" என்று நான்கு கேள்வி சேருங்கள். இதற்கு எந்தக் கைடும் மறுப்பு சொல்வதில்லை.

தலைப்பை முடிவு செய்யும் முன், மருத்துவக் கட்டுரைகளுக்கு பப்மெடிலும் இந்திய ஆய்வேடுகளுக்கு சோத்கங்காவிலும் தேடுங்கள். இரண்டும் இலவசம். தேடிய சொற்களையும் தேதியையும் குறித்து வையுங்கள், முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுக்கும் இரண்டாம் அத்தியாயம் எழுதும்போது உதவும்.

3. அப்ரோச், டிசைன், மெத்தட்: மூன்றும் மூன்று

வைவாவில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். அப்ரோச் என்பது எண்ணிப் பார்க்கப் போகிறோமா, கேட்டு அறியப் போகிறோமா என்ற பெரிய முடிவு. டிசைன் என்பது யாரை, எத்தனை முறை, எந்த வரிசையில் பார்க்கிறோம் என்ற வரைபடம். மெத்தட் என்பது டேட்டா எடுக்கும் வழி: நேர்காணலா, கவனிப்பா, கேள்வித்தாள் கொடுப்பதா.

எங்களுடையது குவான்டிடேட்டிவ் (எண்ணிப் பார்க்கும்) அப்ரோச், ஒரே குழு, முன்தேர்வு பின்தேர்வு டிசைன். ஓ1, எக்ஸ், ஓ2 (முன்தேர்வு, பாடம், பின்தேர்வு) என்று எழுதுவார்களே, அது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாததால் இதை பிரீ எக்ஸ்பெரிமென்டல் என்கிறோம். மாற்றம் நம்மால்தான் வந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. லிமிட்டேஷன் (ஆய்வின் குறைகள்) பகுதியில் நீங்களே இதை எழுதிவிட்டால் எக்ஸாமினர் கேட்க மாட்டார்.

ஒரு விஷயம் எத்தனை சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று பார்க்கும் சர்வேக்கு, சாம்பிள் எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தச் சதவீதம் முன்பே தெரியாத நிலையில் பாதிக்குப் பாதி என்று வைத்து, 95 சதவீத நம்பிக்கையில், 5 சதவீதப் பிழையை அனுமதித்தால் 384 பேர் வேண்டும், 10 சதவீதம் என்றால் 96 பேர். எங்கள் 60 எந்தக் கணக்கிலும் வரவில்லை, நாளுக்கும் காலுக்கும் ஏற்ற எண் அது. அதையும் லிமிட்டேஷனில் எழுதினோம்.

4. கடிதங்கள்: உங்கள் நேரத்தைத் தின்னப் போவது இதுதான்

டேட்டா எடுக்க எங்களுக்கு ஆனது 16 நாள். கடிதங்களுக்கு ஆனது ஏறக்குறைய மூன்று மாதம். ஆகவே இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

முதல் கடிதம் எத்திக்ஸ் கமிட்டிக்கு. புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்), டூல் (கேள்வித்தாள் போன்ற கருவி), தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாள், கன்சென்ட் ஃபார்ம் (சம்மதப் படிவம்), கைடின் கையெழுத்து ஆகியவை வேண்டும். கமிட்டி நினைத்த நாளில் கூடாது. அடுத்த கூட்டம் எப்போது, எத்தனை பிரதி, கட்டணம் உண்டா என்று மூன்றையும் ஒரே நாளில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் குழு ஒரு கூட்டத்தை இரண்டே நாளில் தவறவிட்டு ஆறு வாரம் காத்திருந்தது. தகவல் தாளின் தமிழ்ப் பிரதி தயாராகவில்லை என்பதுதான் காரணம்.

டேட்டா எடுத்துவிட்டுப் பிறகு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கன்சென்ட் பற்றிய பகுதியை மட்டுமாவது படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது, நம் குழுவில் இல்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். எங்களுக்குப் பல வீடுகளில் பக்கத்து வீட்டுக் காலேஜ் பிள்ளைகள்தான் சாட்சி. பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு என்றால் பெற்றோரின் சம்மதம் தனி, பிள்ளையின் இசைவு தனி.

இரண்டாவது, இடத்துக்கான அனுமதி. அரசு மருத்துவமனை என்றால் நலப்பணிகள் இணை இயக்குநர், ஆரம்ப சுகாதார நிலையமும் கிராமமும் என்றால் மாவட்ட சுகாதார அலுவலகம், மருத்துவக் கல்லூரி என்றால் டீன். இங்கே ஒரு பொறி இருக்கிறது. செட்டிநாடு என்று நாம் ஒரே வாயில் சொல்கிறோம், அரசுக்கு அது இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை. பஸ்ஸில் கொஞ்ச தூரம் தாண்டினால் புதுக்கோட்டை. இரண்டு பக்கமும் சாம்பிள் எடுத்தால் இரண்டு அலுவலகம், இரண்டு மடங்கு நாள். ஒரே மாவட்டத்துக்குள் நில்லுங்கள்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாதது. டீச்சிங் புரோக்ராமும் ஒரு இன்டர்வென்ஷன்தான், அதாவது ஆட்களிடம் நாம் ஏதோ ஒன்றைச் செய்து பார்க்கும் ஆய்வு. அதனால் சி.டி.ஆர்.ஐ. எனப்படும், மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். கட்டணம் இல்லை. எத்திக்ஸ் அனுமதிக் கடிதம் கையில் இருந்தால்தான் முடியும், அவர்கள் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், பதில் சொல்ல வேண்டும். சில வாரம் ஒதுக்குங்கள். வெறும் சர்வே என்றால் இந்தத் தலைவலி இல்லை. டிசைன் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கடிதம் கொடுத்தாலும் இரண்டாவது பிரதியில் தேதி போட்ட சீல் வாங்குங்கள். "உங்க லெட்டர் வரவே இல்லையேம்மா" என்ற வாசகத்தை ஓர் அலுவலகத்தில் நான் கேட்டேன். அந்தச் சீல்தான் அன்றைக்குக் காப்பாற்றியது.

5. டூல்: இரவல் வாங்கும் முன் உரிமையாளரைக் கேளுங்கள்

ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார்களா என்று பார்க்க மோரிஸ்கி என்ற கேள்வித்தாள் அளவுகோலை நிறையப் பேர் எடுக்கிறார்கள். அதற்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் பயன்படுத்திய கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. பழைய டெசர்டேஷனில் இருக்கிறது என்பது அனுமதி ஆகாது.

சொந்த டூல் என்றால் ஐந்து நிபுணர்களிடம் வேலிடிட்டி (கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறது என்ற சான்று) வாங்க வேண்டும். ஐந்து பேர் வேண்டும் என்றால் எட்டுப் பேருக்கு அனுப்புங்கள், மூன்று பேர் பதில் போட மாட்டார்கள். ஒருவராவது டாக்டர், ஒருவராவது ஸ்டாடிஸ்டிக்ஸ் தெரிந்தவர் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பை அலட்சியம் செய்யாதீர்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர், அந்தத் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு வேறொருவர். எங்கள் முதல் தமிழ்ப் பிரதியில் "பாதப் பராமரிப்பு நடத்தைகள்" என்று இருந்தது. ஒரு பாட்டி "என் நடத்தைக்கு என்னடி கொறச்சல்?" என்று கேட்டார்.

6. பைலட் ஸ்டடி: சடங்காகச் செய்யாதீர்கள்

மெயின் ஸ்டடிக்கு முன் ஒரு சிறு ஒத்திகை இது, மொத்த சாம்பிளில் பத்தில் ஒரு பங்கு. எங்களுக்கு ஆறு பேர். அந்த ஆறு பேரை மெயின் ஸ்டடியில் சேர்க்கக் கூடாது. இதை ஒரு நாளில் முடித்துவிட்டு "டூல் சாத்தியமானது எனக் கண்டறியப்பட்டது" என்று எழுதுவதுதான் வழக்கம். நாங்களும் அப்படித்தான் எழுதியிருப்போம், நான்காவது வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால்.

பெரிய செட்டியார் வீடு. முகப்பைத் தாண்டி வளவில் தூணோரம் ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் சிங்கப்பூரில், காலையில் வேலைக்கு ஒரு அம்மா வந்துபோவார், அவ்வளவுதான். கேள்விகளுக்கெல்லாம் டாண் டாண் என்று பதில். வெறுங்காலோடு நடக்கலாமா? கூடாது. தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டுமா? ஆமாம். 20க்கு 17. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"ஆச்சி, நீங்க தினம் பாக்குறீங்களா?"

"பாக்குறேனே."

மோனோஃபிலமென்ட் வைத்துப் பார்க்கக் காலை நீட்டச் சொன்னேன். 10 கிராம் அழுத்தம் தரும் அந்த நைலான் இழை வளையும்வரை ஒற்றினேன், வலது பாதத்தில் மூன்று இடத்தில் ஆச்சிக்குத் தெரியவில்லை. கட்டை விரலுக்குக் கீழே மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒன்று. சுற்றிலும் தோல் தடித்திருந்தது. கருவேல முள், முனை ஒடிந்து உள்ளே நின்றிருந்தது.

"முள்ளா? அது எப்ப ஏறுச்சு?"

அப்புறம்தான் சொன்னார். முட்டி மடங்கி ஆறு வருஷம் ஆச்சாம். மேல்பாதம் தெரியும், உள்ளங்கால் தெரியாது. "குனிஞ்சு பாக்குறதுக்கு எனக்கு இடுப்பு வேணுமே ஆத்தா." ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லி அன்றைக்கே அனுப்பினோம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஓரம் எழுதிய மூன்று ஏற்பாடுகள் தானாக ஞாபகத்துக்கு வந்தன. முழுக்க நாம் செய்வது, பாதி நாம் செய்வது, சொல்லிக்கொடுத்து விலகுவது. எங்கள் டீச்சிங் புரோக்ராம் மூன்றாவது. ஆச்சிக்குத் தேவை இரண்டாவது. அறிவில் குறையே இல்லை, எட்டவில்லை. ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டினால் போதும்.

டூலில் "உள்ளங்காலைப் பார்க்க முடிகிறதா, எப்படி" என்ற கேள்வியைச் சேர்த்தோம், செயல்விளக்கத்தில் கண்ணாடியைச் சேர்த்தோம். இப்படி எதை மாற்றினாலும் எத்திக்ஸ் கமிட்டிக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும், சி.டி.ஆர்.ஐ. பதிவிலும் மாற்ற வேண்டும். மூன்று வாரம் போனது. சும்மா நுழைத்துவிடலாம் என்று குழுவில் ஒருத்தி சொன்னாள். அப்படிச் செய்யாதீர்கள், அனுமதி ஒன்று, செய்தது ஒன்று என்றால் முழு ஆய்வும் போகும்.

7. களத்துக்கு நாள் பார்த்துப் போங்கள்

தை மாதம் வேண்டாம். பொங்கல் முடிந்த கையோடு தைப்பூசம். குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் பாதயாத்திரை கிளம்பிவிடும், வீட்டில் ஆள் இருக்காது. பாதப் பராமரிப்பு ஆய்வில் இருப்பவரே பழனிக்கு நடந்துபோய்க் கொப்புளத்தோடு திரும்பினால் உங்கள் போஸ்ட் டெஸ்ட் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். (இதையே தலைப்பாக எடுக்க யாராவது முன்வந்தால் சந்தோஷம்.) கல்யாண முகூர்த்த நாட்களிலும் வேண்டாம். பூட்டிக் கிடந்த வீடெல்லாம் திறந்திருக்கும், பேசத்தான் ஆள் கிடைக்காது.

காலை 10 முதல் 12 நல்ல நேரம். கிராம சுகாதாரச் செவிலியரை முன்கூட்டியே பார்த்துப் பேசுங்கள். அவர் "நம்ம பிள்ளைகதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எந்தக் கதவும் திறக்கும். பலகாரம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், சீப்புச் சீடையை மறுத்தால் பேச்சே நின்றுவிடும். ஃபார்மில் பெயர் எழுதாதீர்கள், எண் மட்டும். பெயரும் எண்ணும் உள்ள பட்டியல் தனி நோட்டில், பூட்டில்.

8. கணக்கு

ஸ்டாடிஸ்டிக்ஸ் போடும் மென்பொருளில் எஸ்.பி.எஸ்.எஸ். விலை அதிகம். ஜாமோவி இலவசம், லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம். முன் பின் மார்க்குக்கு பேர்டு டி டெஸ்ட், வயது போன்றவற்றுக்கும் அறிவு நிலைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க கை ஸ்கொயர். அங்கே ஒரு பள்ளம்: வயதை நான்காகவும் அறிவு நிலையை மூன்றாகவும் பிரித்தால் 12 பெட்டி. 60 பேரைப் போட்டால் சராசரியே பெட்டிக்கு 5. எதிர்பார்ப்பு எண் (தொடர்பே இல்லை என்றால் ஒரு பெட்டியில் வர வேண்டிய எண்ணிக்கை) 5க்குக் கீழே பல பெட்டிகளில் விழும், அப்போது கை ஸ்கொயர் செல்லாது. வயதை இரண்டாகச் சுருக்குங்கள், அல்லது ஃபிஷர் டெஸ்ட் போடுங்கள். "நான் போட்டுத் தர்றேன்" என்று பணம் கேட்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

9. செலவு

எங்கள் குழுவுக்கு ஆனது: கேள்வித்தாள் ஜெராக்ஸ் 720 ரூபாய் (60 பேர், 6 பக்கம், இரண்டு முறை), மொழிபெயர்ப்பு 500, கண்ணாடி 60க்கு 1,500, டெசர்டேஷன் பிரின்ட் 720, நான்கு பிரதி ஹார்ட் பைண்டிங் 1,400. மொத்தம் 4,840, ஆளுக்கு 968. டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் என்பதால் பயணச் செலவு பெரிதாக இல்லை. பையன்கள் குழு என்றால் அதற்கும் ஒதுக்குங்கள்.

செலவே செய்யக் கூடாத ஒன்று: "ஒரே வாரத்தில் பப்ளிஷ்" என்று மெயில் அனுப்பும் ஜர்னல்கள். கைடைக் கேட்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

10. எழுதுவது, பைண்டிங், வைவா

ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் போன வருஷ டெசர்டேஷன் இருக்கும், எடுத்துத் திருத்திக்கொள்ளச் சொல்வார்கள். எங்கள் செட்டில் ஒரு குழு அப்படி எடுத்தது. பள்ளத்தூரில் செய்த ஆய்வின் நான்காம் அத்தியாயத்தில் "கன்னியாகுமரி மாவட்ட மீனவப் பெண்கள்" அப்படியே இருந்தார்கள். பைண்டிங் ஆன பிறகுதான் தெரிந்தது.

ரெஃபரன்ஸை முதல் நாளிலிருந்தே சோட்டெரோ என்ற மென்பொருளில் சேருங்கள், கடைசி வாரத்தில் வான்கூவர் என்ற எண் போட்டு எழுதும் முறைக்குக் கையால் மாற்ற உட்கார்ந்தால் இரண்டு இரவு போகும். அனுமதிக் கடிதங்களின் பிரதிகளை அனெக்சரில் (பின்னிணைப்பில்) வரிசையாக வையுங்கள். எக்ஸாமினர் முதலில் புரட்டுவது அங்கேதான். பைண்டிங்குக்கு நான்கு நாள் முன்பே கொடுங்கள், எல்லாக் கல்லூரியும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்.

வைவாவில் என்னிடம் "ஏன் ஓரம் மாடல்?" என்றுதான் கேட்டார்கள். ஆச்சியின் முட்டியைச் சொன்னேன். அடுத்த கேள்வி கை ஸ்கொயரில்.

எல்லாம் முடிந்ததும் கன்சென்ட் ஃபார்ம் கட்டை ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பழைய பேப்பர் கடையில் பஜ்ஜி மடிக்கப் போய்விடும். எண்ணிக் கட்டி, கைடிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.